காலை ஏழு மணி சுகர்

லேப் அக்கா யாரையும் முதலில் மோந்துதான் பார்ப்பாள். மாடி அறை வாடகைக்கு வேண்டும் என்று போய் நின்ற அன்றைக்கு என்னையும் அப்படித்தான் பார்த்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "கொஞ்சம் கிட்ட வாரும்" என்றாள். போனேன். மூக்கை லேசாகத் தூக்கி ஒரே ஒரு இழுப்பு.

"சிகரெட் இல்ல. காலைல பூரிக் கிழங்கு. இங்கன வாரதுக்கு முன்னால பன்னீர் சோடா. சரி, ஏறிப் போயி ரூமைப் பாரும்."

மூன்றும் சரி. எனக்கு அப்போதே ஒரு மாதிரிதான் இருந்தது. இவள் வீட்டில் இருந்தால் எதையும் மறைக்க முடியாது என்று தோன்றியது. மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

என் சொந்த ஊர் குருவிகுளம் பக்கம். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் நெட்டும் மழையும் ஒரே ரகம், வந்தால் வந்தது. அதனால்தான் சங்கரன்கோவிலில் அறை எடுத்தேன். வேலை போக மிச்ச நேரத்தில் எதையாவது பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும் எனக்கு. மீன் தொட்டி வைத்தேன், தேனீப் பெட்டி வைத்தேன், காளான் போட்டேன். ஒவ்வொன்றும் இரண்டு மாதம். பிராணிகளைப் பற்றி யாராவது ஒரு வரி சொன்னால் நான் ஒன்பது பக்கம் படித்துவிட்டு வந்து நிற்பேன். அந்த அறையை நான் உடனே பிடித்துக்கொண்டதற்குக் காரணம், கீழே அக்காவின் காலைச் சுற்றிக்கொண்டு ஓடிய பிராணிதான்.

அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஊரிலும் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முப்பது வருஷம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி பிடித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளையும் மோந்து பார்த்தாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் கேட்டபோது மறுக்கவில்லை.

வெறும் வயிற்றில் சுகர் பார்க்க வருகிறவர்கள்தான் அவளை அப்படி ஆக்கினார்கள் என்று நினைக்கிறேன். காலை ஆறரைக்கே வரிசை. "சாப்பிட்டீரா?" என்று மூன்று முறை கேட்பாள், மூன்று விதமாக. பனவடலிசத்திரத்திலிருந்து வந்த ஒரு விவசாயியின் கதையை அவளே பல தடவை சொல்லியிருக்கிறாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அவர் கோமதியம்மன் மேல் சத்தியம் செய்திருக்கிறார். அக்கா குனிந்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

"கருப்பட்டிக் காப்பி. கூட ஒரு உளுந்த வடை. மீசைல இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு, தொடையும். நாளைக்கு வாரும் வே."

"ஏம்மா, அரை வடைதான் தின்னேன்."

"அரை வடைக்கு ரத்தத்துல அரைக் கணக்கு கெடையாது. மனுசன் பொய் சொல்லுவான். ரத்தம் சொல்லாது."

இந்தக் கடைசி வாக்கியத்தை ஒரு நாளைக்கு நாலு முறை சொல்வாள். பால்காரரிடம் சொல்வாள், கேபிள்காரரிடம் சொல்வாள், டிவியில் பேசுகிறவர்களிடமும் சொல்வாள். சமையலறையில் மாவு டப்பாவை மூடுவதற்கு முன் மாவின் மேல் விரலால் ஒரு கோடு போட்டு வைப்பாள். அடுத்த முறை திறக்கும்போது கோடு கலையாமல் இருக்க வேண்டும். அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு மனிதர்கள் கிடையாது என்பதை நான் ஒருமுறை எடுத்துச் சொன்னேன்.

"அதான, அப்பம் யாரு கலைக்கா?" என்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு மூன்று நாள் நான் சமையலறைப் பக்கமே போகவில்லை.

அந்தப் பிராணி ஒரு ஃபெரெட். வெளிநாட்டு வளர்ப்புப் பிராணி, நீர்நாய்க்குத் தூரத்து உறவு. ஒரு முழ நீளம், குட்டைக் கால்கள், முகத்தில் திருடன் கட்டிய துணி மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. பெங்களூரில் வேலை பார்த்த தம்பி மகள் ஆசைப்பட்டு வாங்கி, 'நூடுல்ஸ்' என்று பெயர் வைத்து, பிறகு வேலைக்காகக் கனடா போகையில் அத்தையிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அக்காவுக்கு அந்தப் பெயர் வாயில் வராது. "நம்ம பய" என்பாள்.

ஊருக்கு அது கீரி. பாம்பைக் கும்பிட்டு, பாம்புக்கும் தேளுக்கும் தகட்டு உருவம் வாங்கிக் கோயிலில் போடுகிற ஊர் இது. இங்கே ஒருத்தி வீட்டுக்குள் பாம்பைக் கொல்லுகிற கீரி வளர்க்கிறாள் என்றால் சும்மா இருப்பார்களா? யாரோ மனுப் போட்டுவிட்டார்கள். வனத்துறைக்காரர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். கீரி வளர்ப்பது குற்றம் என்று ஆரம்பித்தவரை அக்கா கிட்டே அழைத்து மோந்தாள். நான் ஓடிப்போய் பெங்களூர்க் கடை ரசீது, தடுப்பூசி அட்டை, என் செல்போனில் இருந்த படங்கள் எல்லாவற்றையும் காட்டி, பல் வரிசையிலிருந்து வால் நுனி வரை கீரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அரைமணி நேரம் விளக்கினேன். அவர் பாதியிலேயே, "தம்பி, போதும், கீரி இல்ல" என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மனுப் போட்டது எதிர்வீட்டுத் தறி அண்ணாச்சிதான் என்று அக்கா முடிவு கட்டினாள். அவருக்கு வீட்டின் பின்பக்கம் நான்கு விசைத்தறி. பகல் முழுக்க அந்தச் சத்தம் எங்கள் தெருவின் மூச்சு மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். அவர் கேட்டுக்கு வெளியே நின்று கையை விரித்தார்.

"நான் எழுதியிருந்தா கையெழுத்துப் போட்டுத்தாம்மா எழுதியிருப்பேன். மொட்டை மனு எழுதுததுக்கு எனக்கு என்ன வந்திருக்கு?"

"மொட்டை மனுன்னு ஒமக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான்கூட ஒரு வாரம் அவரைச் சந்தேகமாகத்தான் பார்த்தேன். அக்காவுடன் இருந்தால் அது தொற்றிக்கொள்ளும்.

நூடுல்ஸுக்கு ஐந்து வயது ஆகும்போதுதான் அது நடந்தது. ஒரு நாள் பகலில் கட்டிலுக்கு அடியில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. வாயில் நுரை மாதிரி எச்சில். முன்காலால் வாயைப் பிராண்டியது. பின்னங்கால் இரண்டும் துணி மாதிரி இழுபட்டன. பாம்பு தீண்டிவிட்டது என்றார் தறி அண்ணாச்சி. விஷம் வைத்துவிட்டார்கள் என்றாள் அக்கா, அவரைப் பார்த்துக்கொண்டே. நான் கார் பிடித்தேன்.

திருநெல்வேலியில் இருந்த கால்நடை மருத்துவர் இளம்பெண். பொறுமையாகச் சொன்னார். கணையத்தில் சின்னக் கட்டி, பெயர் இன்சுலினோமா. அது தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரக்கிறது, அதனால் ரத்தத்தில் சுகர் இறங்கிவிடுகிறது. மனிதருக்கு வரும் சுகர் வியாதியின் நேர் தலைகீழ். இனிப்புக் கொடுத்தால் கட்டி இன்னும் உற்சாகமாக இன்சுலினைக் கொட்டும். கொஞ்ச நேரம் சுகர் ஏறும், இரண்டு மூன்று மணி நேரத்தில் முன்பைவிடக் கீழே விழும்.

"இப்போ என்ன சாப்பிடுது?"

அக்கா பெருமையாகச் சொன்னாள். பாலில் நனைத்த ரஸ்க், உலர்திராட்சை, பேரீச்சம்பழம், நடுநடுவே பூனை பிஸ்கட்.

மருத்துவர் கண்ணை மூடித் திறந்தார். "எல்லாத்தையும் நிறுத்தணும். கறி, ஈரல், முட்டை. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சம். ஆனா ஒரே நாள்ல மாத்தாதீங்க. இதுங்க சின்ன வயசுல பழகின மணம் இல்லாததைச் சாப்பாடுன்னே ஒத்துக்காது. பழைய பிஸ்கட்டோட துளித் துளியாக் கலந்து ரெண்டு வாரத்துல மாத்துங்க. மயங்கி விழுந்தா மட்டும் ஈறுல கொஞ்சம் பாகு தடவி, எழுந்ததும் உடனே கறி குடுங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை காலைல சாப்பாட்டுக்கு முன்னால சுகர் பாத்து எழுதி வைங்க. ஒரு மாசம் கழிச்சு அந்த நோட்டை வச்சுதான் மாத்திரை வேணுமா, எவ்வளவு வேணும்னு நான் முடிவு பண்ணுவேன்."

"மாத்திரைக்கும் கேக்கலன்னா?" என்றாள் அக்கா.

மருத்துவர் கூடைக்குள் பார்த்தார். "அப்படி ஒரு நிலை வந்தா, அதைக் கஷ்டப்பட விடக் கூடாதும்மா."

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா கூடையின் மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். தேவர்குளம் தாண்டும்போது, "எத்தனைக்குக் கீழ போனா கொல்லுவாளாம்?" என்று கேட்டாள். அறுபதுக்குக் கீழே நல்லதல்ல என்று மருத்துவர் சொன்னதை நினைவுபடுத்தி, கொல்வது பற்றி இப்போது பேச்சே இல்லை என்றேன். அவள் காதில் அறுபது மட்டும்தான் விழுந்தது.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். துளித் துளியாக என்று மருத்துவர் சொன்னதை நானும் கேட்டேன். ஆனால் எனக்குத் துளித் துளியாக எதையும் செய்யத் தெரியாது. அன்று மாலைக்குள் நான்கு ஆங்கிலப் பக்கங்கள் படித்துவிட்டேன். திராட்சையும் ரஸ்க்கும் விஷம் என்று என் மனசில் பதிந்துவிட்டது. மறுநாள் காலை அக்காவின் அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி வெளியே குப்பையில் போட்டேன். கோழிக்கடையில் ஈரல், இதயம், கறி கழுவிய தண்ணீர் வரைக்கும் சொல்லி வைத்தேன். சுவரில் ஒரு அட்டவணை ஒட்டினேன், நான்கு நிறங்களில்.

நூடுல்ஸ் ஈரலை மோந்து பார்த்தது. பிறகு அதைக் கவ்விக்கொண்டு போய்ப் பிரிட்ஜுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, ரஸ்க் டப்பா இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

"திங்கலயே எய்யா" என்றாள் அக்கா.

"பசிச்சா தின்னும்க்கா. நீங்க எரக்கப்பட்டு எதையாவது குடுத்துறாதீங்க. குடுத்தா அதைக் கொல்லுதது நீங்கதான்."

அப்படித்தான் சொன்னேன். முப்பது வருஷம் ஊரையே மிரட்டிய ஒருத்தியிடம் விரலை நீட்டிச் சொன்னேன். அவள் பிரிட்ஜுக்கு அடியில் கையை விட்டு அந்த ஈரலை எடுத்துக் கழுவினாள். அது எனக்கு வெற்றி மாதிரி இருந்தது.

மூன்றாம் நாளிலிருந்து தட்டு காலியாக ஆரம்பித்தது. வாரம் இரண்டு முறை போதும் என்றாலும் அக்கா தினமும் காலை ஏழு மணிக்குச் சுகர் பார்த்தாள். மிஷினை எடுத்து, பாதத்தின் ஓரத்தில் ஒரு குத்து, அது நடந்ததே நூடுல்ஸுக்குத் தெரியாது. அப்படி ஒரு கை. நான் படியில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பேன். எண்பத்தெட்டு. தொண்ணூற்றொன்று. எண்பத்தாறு. நோட்டில் முத்து முத்தாக எழுதுவாள். என் அட்டவணை வேலை செய்கிறது என்று கனடாவுக்கு வாட்ஸப்பில் அறிக்கை அனுப்பினேன்.

ஆனால் பத்து மணிக்கு அது விழுந்தது. அதே எச்சில், அதே இழுபடும் கால்கள். ஈறில் கருப்பட்டிப் பாகு தடவி எழுப்பினோம். மறுநாளும் விழுந்தது. அதற்கு மறுநாள் விழவில்லை, அடுத்த நாள் இரண்டு முறை விழுந்தது. ஏழு மணிக்குத் தொண்ணூறு இருக்கிற பிராணி பத்து மணிக்கு ஏன் விழ வேண்டும்?

"யாரோ இனிப்புக் குடுக்காங்க" என்றேன்.

"அதத்தாம்லே நானும் சொல்லுதேன்" என்றாள் அக்கா, உடனே.

அதற்குப் பிறகு அந்த வீடு காவல் நிலையம் ஆயிற்று. கேட்டுக்குப் பூட்டு. பால்காரர் பாக்கெட்டை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். என்னை ஒரு நாள் படியில் நிறுத்தி வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மோந்தாள்.

"என்னையுமாக்கா?"

"ஒன்னையத்தான் மொதல்ல. நீதான இருபத்து நாலு மணி நேரமும் வீட்ல கெடக்க."

எனக்குக் கோபம். ஆனால் எனக்கும் ஒரு ஆள் மேல் சந்தேகம் இருந்தது. தறி அண்ணாச்சிக்குச் சுகர் வியாதி. திடீரென்று இறங்கினால் போட்டுக்கொள்ள எப்போதும் சட்டைப் பையில் நாலு முட்டாயி வைத்திருப்பார். நூடுல்ஸுக்குச் சுகர் இறங்குகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவர் கேட்டுக்கு வெளியே நின்று வைத்தியம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"கொறஞ்சா ஒரு முட்டாயியப் போட வேண்டியதுதான? இதுக்குப் போயி திருநவேலி வரைக்கும் எதுக்கு? எனக்குத் தெரியாத சுகரா?"

"அது வேற அண்ணாச்சி, இது வேற" என்றேன்.

"எல்லாஞ் சுகருதான மக்கா!"

இந்தத் தெருவில் பாதி வீட்டில் சுகர் உண்டு. இறங்கினால் இனிப்பு என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அதைத்தான் இந்த வியாதி ஏமாற்றியது. அக்கா அவரைச் சட்டைப் பையைக் காட்டச் சொன்னாள். அவர் காட்டினார். நாலு முட்டாயியும் அப்படியே இருந்தது.

"என்னைய என்னன்னு நெனச்ச? வேணும்னா எங்க வீட்டையும் சோதனை போடு. எங்க பூனையக் கேளு. அதுக்கே இப்பம் என்னமோ ஆகிப்போச்சு, வீட்டுச் சோத்தைத் திரும்பிப் பாக்க மாட்டேங்கு. பீப்பா மாதிரி ஊதிக் கெடக்கு. நீதான் ஏதும் வச்சியோ!"

அக்கா உள்ளே போய்விட்டாள். அவள் ஒரு சண்டையைப் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. அப்போது அதை நான் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுகர் மிஷினில் வைக்கிற ஸ்ட்ரிப் தீர்ந்துபோயிற்று. மெடிக்கலில் இரவுதான் வரும் என்றார்கள். அன்று சோதனை கிடையாது. காலையில் நூடுல்ஸ் சோர்வாகத்தான் இருந்தது. ஆனால் பத்து மணிக்கு விழவில்லை. பன்னிரண்டுக்கும் விழவில்லை. என் செருப்பை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. இரவு ஸ்ட்ரிப் வந்தது. திங்கள்கிழமை ஏழு மணிக்குத் தொண்ணூற்றிரண்டு. பத்தேகாலுக்கு விழுந்தது.

மாடியில் வேலை ஓடவில்லை. நோட்டை முன்பே படம் எடுத்து வைத்திருந்தேன். விழுந்த நாட்களை நான் தனியாகக் குறித்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அக்கா பேங்குக்குப் போய்விட்டு வந்து ஒன்பது மணிக்குச் சோதனை செய்த நாளில் அது பன்னிரண்டுக்கு விழுந்திருக்கிறது. எப்போது சோதனையோ அதிலிருந்து மூன்று மணி நேரம். இனிப்பு ஏழு மணிக்கு அப்புறம் வரவில்லை. ஏழு மணிக்கு முன்னால் வருகிறது.

அந்த நேரத்தில் கேட்டுக்குப் பூட்டு. நான் மாடியில். உள்ளே ஒரே ஒரு ஆள்.

செவ்வாய்க்கிழமை ஆறு ஐம்பத்தைந்துக்கே இறங்கிப் போனேன். புதன்கிழமை திருநெல்வேலிக்குப் போக வேண்டும், நோட்டைக் காட்ட வேண்டும். அக்கா ஸ்ட்ரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். நான் நூடுல்ஸைத் தூக்கினேன். அதன் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்தேன். கருப்பட்டி.

"அக்கா, இது வெறும் வயிறா?"

தறி இன்னும் ஓட ஆரம்பித்திருக்கவில்லை. அக்கா என் கையிலிருந்து அதை வாங்கி, பாதத்தில் குத்தி, மிஷினைப் பார்த்தாள். தொண்ணூற்று நாலு. நோட்டைத் திறந்து எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"ஒன் ஈரலை அது ஒரு நாளும் திங்கல. மொத ரெண்டு நாளு வெறும் தண்ணி. குச்சி மாதிரி ஆயிட்டு. நீ வந்து பாத்தா ஏசுவ. அதான் எதுத்த வீட்டுப் பூனைக்கு வச்சேன். நீ தூக்கிப் போட்ட பிஸ்கட்ட திரும்பப் பொறுக்கிட்டு வந்து அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கேன். அதுலதான் ரெண்டொண்ணு குடுக்கேன்."

"பாகு?"

"நாலாவது நாளுதான் மொதல்ல பாத்தேன். நாப்பத்தி ஏழு." அவள் குரல் இறங்கிற்று. "நாப்பத்தி ஏழுன்னு என் கையால எழுதி, அதை நானே கொண்டு போயி அந்தப் பிள்ளகிட்ட குடுக்கணுமா? கொஞ்சூண்டு தொட்டு வச்சேன். கால் மணி நேரத்துல எம்பது காட்டுச்சு. எழுதிட்டேன்."

"அதாலதான்க்கா பத்து மணிக்கு விழுது."

"தெரியும்லே." நோட்டை மூடிவிட்டு, "மொதல்ல தெரியாது. பெறவு தெரியும்" என்றாள்.

எனக்குத் திட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது, மீசையில் உளுந்தோடு கைநீட்டி நின்ற அந்த விவசாயியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. கேட்கிற ஆள் மிரட்டினால் சொல்கிற ஆள் பொய்தான் சொல்வார். ஒரு மாதமாக அந்த வீட்டில் மிரட்டுகிற ஆள் நான்.

"நாளைக்கு டாக்டர்ட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"நோட்டைக் குடுப்பேன்" என்றாள்.

புதன்கிழமை பஸ்ஸில் போகும்போது அவளைக் கவனித்துக்கொண்டே போனேன். நோட்டைப் பையின் அடியில் வைத்து, அதன் மேல் துண்டை வைத்து, அதன் மேல் கையை வைத்திருந்தாள். அவள் சொல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அந்த வீட்டில் எனக்கு இடமில்லை. அதைவிட, துளித் துளியாக மாற்றினீர்களா என்று மருத்துவர் கேட்டால் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. என் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

மருத்துவர் நோட்டைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "அருமையா இருக்கேம்மா! எங்கயும் எண்பதுக்குக் கீழே போகலை. சாப்பாட்டிலேயே கட்டுக்குள்ள வந்திருக்கு. அப்போ இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். இப்படியே தொடருங்க." பேனாவை எடுத்து அட்டையில் எழுதக் குனிந்தார்.

கூடைக்குள் நூடுல்ஸ் சுருண்டு படுத்திருந்தது. மாத்திரை இல்லாமல் அது வீட்டுக்குப் போகும். நாளை ஏழு மணிக்குத் தொண்ணூறு காட்டும். ஒரு நாள் பத்து மணிக்கு விழுந்து எழுந்திருக்காது. நான் கூடையின் மூடியை மூடினேன், திரும்பத் திறந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

"எழுதாதீங்க டாக்டரம்மா" என்றாள் அக்கா.

மருத்துவர் நிமிர்ந்தார்.

"அந்த நோட்டுல ஒரு நாளுகூட நெசம் இல்ல. பூரா பொய். பாகு குடுத்துட்டுத்தான் பாத்தேன். முப்பது வருசம் லேப்ல இருந்தவ நான், தெரிஞ்சேதான் செஞ்சேன்." மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னாள். "இவனும் ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்திட்டான். துளித் துளியாக் கலக்கவே இல்ல. அதையும் எழுதிக்கோங்க."

என்னையும் சேர்த்து மாட்டிவிட்டாள். அந்த நிமிஷத்தில் எனக்கு அவள் மேல் வந்த கோபத்துக்கும் நிம்மதிக்கும் அளவில்லை.

மருத்துவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு பேரும் சேர்ந்து அதைப் பட்டினி போட்டிருக்கீங்க" என்றார் அமைதியாக. அவரே ரத்தம் எடுத்தார். நாற்பத்தொன்பது. மாத்திரை எழுதினார், எவ்வளவு, எப்போது என்று. அக்கா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இதைக் கொன்னுருவீங்களா?" என்று கேட்டபோதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. பேனாவை வைத்துவிட்டு, "நாற்பத்தொன்பதுங்கிறது மாத்திரை ஆரம்பிக்கிற நம்பர்மா, முடிக்கிற நம்பர் இல்லை. உண்மையான நம்பர் தெரிஞ்சாதான் என்னால ஏதாவது செய்ய முடியும்" என்றார்.

அதற்குப் பிறகு நூடுல்ஸ் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. பிஸ்கட்டைப் பொடித்து, அதில் கடுகளவு ஈரல், மறுநாள் மிளகளவு, அதற்கு மறுநாள் உளுந்தளவு என்று பதினெட்டு நாளில் அது கறிக்கு வந்தது. என் நான்கு நிற அட்டவணையை நானே கிழித்தேன். நான் வேலை மாறிப் பெங்களூர் போன பிறகு அக்கா வீட்டைப் பூட்டிவிட்டுத் தம்பியோடு கோயம்புத்தூர் போய்விட்டாள் என்று தறி அண்ணாச்சி போனில் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே நம்பலாமா என்று ஒரு யோசனை வந்தது. அக்காவிடமிருந்து தொற்றியது இன்னும் விட்டுப்போகவில்லை.

திருநெல்வேலியிலிருந்து திரும்பிய மறுநாள் காலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏழு மணிக்கு என் கதவு தட்டப்பட்டது. ஒரு கையில் நூடுல்ஸ், இன்னொரு கையில் சுகர் மிஷினும் நோட்டும்.

"இனிமே நீ பாரு" என்றாள். "நான் பாத்தா நம்பாத."

பாதத்தைப் பிடித்துக் காட்டினாள், எங்கே குத்த வேண்டும் என்று நகத்தால் தொட்டாள். குத்தினேன். நூடுல்ஸ் கீச்சென்று கத்தியது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மிஷின் எண்ணி முடித்தது.

"அறுபத்தி மூணு."

"திரும்பப் பாரு."

"இன்னொரு குத்தாக்கா?"

அக்கா கண்ணைத் திறந்து அந்தப் பாதத்தைப் பார்த்தாள். கடுகளவு ரத்தம் நின்றிருந்தது. புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள். மிஷினை எட்டிப் பார்க்க அவள் கழுத்து நீண்டது, பிறகு தானாகவே திரும்பிக்கொண்டது.

"சரி" என்றாள். "எழுது."

எழுதினேன். நோட்டைப் பிடுங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது என்னது, மூணா எட்டா? தெளிவா எழுதித் தொலைலே. பெறவு நாந்தான் மாத்துனேன்னு சொல்லுவ."